ஒண்டுக்கும் உதவாத சாமான்

நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவசரக்காரர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே வந்த கேள்விகள் மூன்று வகை. "டீச்சர், இது அட்டையா?" என்பது ஒன்று. "தின்னலாமா, கிலோ என்ன விலை போகும்?" என்பது இரண்டாவது. மூன்றாவது இன்பொக்ஸில் வந்தது: "ஒரு பொம்பிளை டீச்சருக்குக் கடலுக்கடியில் என்ன வேலை?"

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை இறப்பர் உடுப்பு, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு மேற்சட்டை, தலைக்கு ஹூட், முகத்தில் பாதிக்குக் கண்ணாடி, வாயில் குழாய், பக்கத்தில் கூடப்பிறந்த தம்பி. காலை ஏழு மணி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு பாடசாலைக்குப் போவதைவிட அங்கே எனக்கு மறைவும் அதிகம், இடமும் அதிகம். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இது அட்டை இல்லை. எங்கட பக்கத்தில் அட்டை என்றால் அது கடலட்டை. அவித்து, காயவைத்து, சாக்கில் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சாமான். அது முட்தோலி இனம், நட்சத்திர மீனுக்குச் சொந்தக்காரன். நான் படம் எடுப்பது நத்தை இனம், ஓட்டைத் தொலைத்த நத்தை. முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டிக்குச் சின்னதாக ஒரு ஓடு இருக்கிறது. அது கொஞ்ச நாள் மிதந்து திரிந்துவிட்டு, தன்னுடைய தீனி இருக்கிற இடத்தைக் கண்டு இறங்கும். பெரிய உருவத்துக்கு மாறும்போது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். ஆங்கிலத்தில் ‘ஸீ ஸ்லக்’ என்பார்கள். அதைத் தமிழில் நேராக மாற்றினால் ‘கடல் அட்டை’ என்றுதான் வந்து நிற்கும், ஆனால் அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு ஒருவர் எடுத்துவிட்டார். ஆகவே நான் ‘ஓடில்லா நத்தை’ என்று எழுதுகிறேன். நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

ஓடு இல்லாத ஒரு மெதுவான பிராணி, மீனும் நண்டும் நிறைந்த கடலில் எப்படிப் பிழைக்கும்? வகுப்பில் இதைத்தான் நான் முதலில் கேட்பேன். "ஒளிச்சிக்கும் டீச்சர்" என்பார்கள். சிலது ஒளித்துக்கொள்ளும்தான். ஆனால் அதிகமானவை கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி நிறத்தைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் இருக்கின்றன. அவற்றின் பாதுகாப்பு வயிற்றிலிருந்து வருகிறது. மற்றவர்கள் வாய் வைக்காத நச்சுக் கடற்பஞ்சைத் தின்று, அந்த நஞ்சைத் தன் தோலில் சேர்த்து வைக்கும் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் ஐதரோயிட்டுகளைத் தின்னும். அவை தொட்டால் சொறியும், பாசிச் செடி போலத் தெரியும், உண்மையில் விலங்குகள். அவற்றின் கொட்டும் கலங்களை வெடிக்காமல் விழுங்கி, முதுகில் உள்ள விரல்களின் நுனிக்கு அனுப்பி, அங்கே தன்னுடைய ஆயுதமாக வைத்துக்கொள்ளும். அடுத்தவன் துவக்கைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட மாதிரி. அந்தப் பளிச்சென்ற நிறம் மீன்களுக்கு எழுதி வைத்த எச்சரிக்கை.

தலையில் இரண்டு கொம்பு இருக்கும். அது கண் இல்லை, மூக்கு. கண் என்று இருப்பது தோலுக்குள் புதைந்த இரண்டு புள்ளி. வெளிச்சம், இருட்டு தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இவ்வளவு நிறத்தையும் போட்டுக்கொண்டு திரிகிற பிராணி தன் நிறத்தைத் தானே கண்டதில்லை. பின்பக்கத்தில் பூ விரிந்த மாதிரி இருப்பது பூக்கள், அதாவது சுவாசிக்கிற பூக்கள். அந்தப் பூவின் நடுவில்தான் அதன் மலவாசலும் இருக்கிறது என்று சொன்ன நாளில் தரம் 8 வகுப்பை அடக்கப் பக்கத்து வகுப்பு சேர் வரவேண்டியதாகிவிட்டது.

நான் நீந்தப் பழகியது 31 வயதில். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இது வெட்கமான கணக்காகத் தெரியலாம். 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போனது. உம்மா இன்றும் கடற்பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த தம்பி, நிலாவெளிப் பக்கம் ஒரு டைவிங் இடத்தில் சிலிண்டர் தூக்குகிற வேலைக்குப் போய், பிறகு வழிகாட்டியாகவே ஆகிவிட்டான். அவன்தான் எனக்குப் பழக்கினான். முதல் மூன்று நாளும் இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்ததுதான் பாடம். "ராத்தா, மூச்சை மட்டும் அடக்காதீங்க, மத்ததெல்லாம் தன்னால வரும்" என்பான். இருபது வருஷமாக மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன குடும்பத்தில் இப்படி ஒரு நல்ல வாத்தியார் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் வழமை இதுதான். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை எங்கட கடல் குளம் மாதிரி இருக்கும். காற்று தரையிலிருந்து வீசும் கச்சான். அது பத்து மணிக்குப் பிறகு வேகம் எடுத்துக் கரையிலிருந்து வெளியே தள்ளும், ஆகவே ஸுபஹ் தொழுத கையோடு போய்விட வேண்டும். வள்ளம் கிடையாது. சிலிண்டரைப் போட்டுக்கொண்டு பாறைகளுக்கு நடுவே நடந்தே இறங்குவோம். காலில் குத்தி உள்ளேயே உடைகிற நீளமான கறுப்பு முள்ளுக்காரர்கள் அங்கே ஏராளம், ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்க வேண்டும். எந்தக் கரை என்று எழுத மாட்டேன். வண்ணமான எதையும் தொட்டியில் போட்டு விற்கிறவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் புறாமலைக்குப் போகிறார்கள். சுறாக்குட்டி பார்க்க வேண்டும், ஆமை பார்க்க வேண்டும், அதனோடு செல்பி எடுக்க வேண்டும். தம்பி சொல்வான், இத்தனை வருஷத்தில் ஓடில்லா நத்தையைக் காட்டுங்கள் என்று கேட்டு வந்த ஆட்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குமாம். நாங்கள் போகும் இடத்தில் ஆழம் மூன்று முதல் ஆறு மீற்றர். பவளம் அழகாக இல்லை. கல், பாசி, கடற்பஞ்சு, வலைத் துண்டு. மற்ற ஆட்கள் நீந்திக் கடந்து போகிற இடம்.

தேடுவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் விதி, நத்தையைத் தேடக்கூடாது. அதன் தீனியைத் தேட வேண்டும். இந்த நத்தைகளில் பல ஒன்றிரண்டு வகைத் தீனியைத் தவிர வேறெதையும் தொடாது. எந்தப் பஞ்சு எந்தக் கல்லில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கல்லின் மேற்புறத்தைவிட நிழல் விழும் பக்கவாட்டைப் பாருங்கள். ஐதரோயிட்டுச் செடியைக் கிளை கிளையாகப் பாருங்கள். ஒரு கிளை மட்டும் மற்றவற்றோடு சேராமல் ஆடினால் அது கிளை இல்லை. அடுத்தது முட்டை. இவை முட்டையை நாடா மாதிரி, விளிம்பில் நிற்க வைத்து, சுற்றிச் சுற்றி ஒட்டும். விரிந்த ரோசாப்பூ போல இருக்கும். அதைக் கண்டால் ஆள் அதிக தூரத்தில் இல்லை.

பிறகு வேகம். ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் கடப்பது இரண்டு வகுப்பறை நீளம் இருந்தால் அதிகம். நான் இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் ஒரு கல்லுக்கு முன்னால் சும்மா இருப்பேன். கண் அந்த அளவுக்குச் சுருங்க நேரம் எடுக்கும். தரையில் இருந்து கொண்டுவந்த கண் பெரிய சாமான்களைத்தான் பார்க்கும். ஐந்து நிமிடம் போனால் ஒரு அங்குலத்துக்குள் இருப்பது தெரியத் தொடங்கும், இன்னும் ஐந்து நிமிடம் போனால் அரிசி அளவில் இருப்பதும் தெரியும். பரீட்சைத் தாள் திருத்தும்போது முதல் பத்துத் தாளுக்குப் பிறகு வருகிற கண் இருக்கிறதே, ஏறக்குறைய அது.

எங்கட கரையில் அதிகம் கண்டது பிலிடியா வரிகோஸா. கறுப்பில் நீல வரம்பு, வரம்பின் மேல் மஞ்சள் நுனி வைத்த குமிழ்கள். மீன் ஒன்றும் கிட்டவராது. மீன்தொட்டியில் போட்டால் அது விடுகிற சளியிலேயே மற்ற மீன்கள் செத்துப்போகும் என்பது பலர் கண்ட விஷயம். இதற்கு முதுகில் பூ இல்லை, பூக்கள் வயிற்றுப் பக்க ஓரத்தில் மறைந்திருக்கும்.

படம் எடுப்பது தனிக் கதை. என்னுடையது கையில் அடங்கும் ஒலிம்பஸ் டீஜி சிக்ஸ், பாவித்தது, நிலுவைச் சம்பளம் வந்த மாதம் வாங்கியது. வில்லையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதையும் அது பிடிக்கும், என் போன்றவர்களுக்கு அதற்காகவே செய்தது. ஸூம் பண்ணக்கூடாது, கிட்டப் போக வேண்டும். தண்ணீர் கண்ணாடி இல்லை, இடையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு தூசியும் இருக்கிறது. கமராவுக்கு நேராக விளக்கடித்தால் அந்தத் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். டோச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலிருந்து கீழே பார்த்து எடுக்கிற படம் தேசிய அடையாள அட்டைப் படம் மாதிரி, ஆள் யாரென்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நத்தையின் மட்டத்துக்கு இறங்கி, அந்தக் கொம்பில் குவியத்தை வைத்தால் அது உங்களை நோக்கி வருகிற ஒரு ஆளாக மாறும்.

இதையெல்லாம் எதையும் பிடித்துக்கொள்ளாமல் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். கல்லில் கை வைத்தால் ஒரு கடற்பஞ்சு நசியும். கால் துடுப்பு மணலில் பட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. அலை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும், நீங்களும் அதோடு போய்வர வேண்டும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, நத்தை உங்கள் சட்டத்துக்குள் வரும். அந்த நேரத்தில் விரலை அழுத்த வேண்டும். மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் உயரும், விட்டால் தாழும். ஆகவே படத்தின் மட்டத்தை நெஞ்சால்தான் சரிபார்க்க வேண்டும். நத்தையை நல்ல இடத்துக்குத் தூக்கி வைத்து எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் நத்தை தன் தீனி இல்லாத ஏதோ ஒரு கல்லில் சுருங்கிக்கொண்டு நிற்கும். பார்த்தவுடனே தெரியும்.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு டொக்டரிடமிருந்து. அவர் இறந்து 160 வருஷத்துக்கும் மேலாகிறது.

எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1819இல் கொழும்பில் பிறந்த மனிதர், எடின்பரோவில் வைத்தியம் படித்தவர். 1852இல் இந்த நாட்டு விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு சில்லைக் குருவிக்கு இன்றும் அவருடைய பெயர் இருக்கிறது. 1850களின் பிற்பகுதியில் அரசாங்கம் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: முத்துச் சிப்பி எப்படி வளர்கிறது, எப்படிப் பெருகுகிறது என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். முத்துக் குளிப்பு அரசாங்கத்துக்குப் பெரிய காசு. சில வருஷம் சிப்பி கிடைக்கும், சில வருஷம் ஒன்றுமே இருக்காது, அதற்குக் காரணம் வேண்டும். மனிதர் திருகோணமலையில் இருந்து சிப்பியை ஆராய்ந்தார். அதோடு நிற்கவில்லை. சிப்பிக்குப் பக்கத்தில் கிடந்த, ஒருவரும் கேட்காத, ஒரு சதமும் பெறாத இந்த நத்தைகளைத் தேடித் தேடி 1858இலும் 1859இலும் விவரித்து எழுதினார்.

அதனால்தான் உலகத்தில் எங்கே போனாலும் சில நத்தைகள் எங்கட பெயரைச் சுமந்துகொண்டு திரிகின்றன. பிலிடியெல்லா ஸெய்லானிகா என்றால் கறுப்பில் இளஞ்சிவப்பு வரம்பு ஓடுவது. ஜிம்னோடோரிஸ் ஸிலோனிகா வெள்ளையில் செம்மஞ்சள் பொட்டு வைத்தது, தன் சொந்தக்காரர்களையே பிடித்துத் தின்னும். திருகோணமலையில் இருந்த பாதிரியார் கிளெனியின் பெயரிலும் ஒன்று உண்டு. கடைசியாக, கெலார்ட் 1859இல் பெயர் வைத்த ஜொருன்னா பியூனெப்ரிஸ். பால்வெள்ளை உடம்பில் கறுப்பு வட்டங்கள். மையித்து வீட்டு நிறம் என்று நினைத்தாரோ என்னவோ, லத்தீனில் அந்தப் பெயருக்கு மரணச் சடங்கு சார்ந்தது என்று அர்த்தம்.

இந்த நத்தைகளைச் சாராயப் போத்தலில் போட்டால் கொஞ்ச நாளில் நிறம் எல்லாம் போய்விடும். கலாசாலையில் நான் படித்த காலத்தில் ஆய்வுகூட அலுமாரியில் அப்படி ஒரு போத்தல் இருந்தது. உள்ளே அவித்த பூண்டுப் பல் மாதிரி ஒன்று. பெயர்ச்சீட்டில் ‘மொலஸ்கா’ என்று மட்டும். இரண்டு வருஷமும் அதைக் கடந்து நடந்திருக்கிறேன். கெலார்ட் காலத்தில் இதற்கு ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே நிறத்தோடு வரைந்து வைப்பது. அவருடைய வரைபடங்கள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து ஹன்கொக் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அந்தப் படங்களை வைத்துத்தான் கெலார்ட் சொன்னது எது எது என்று பிரித்து எழுதினார். கெலார்ட் அதையெல்லாம் காணவில்லை. 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே காலமானார். வயது 40.

எனக்கு ஒரு யோசனை உண்டு. அவருக்கு என்னைப் போல முதுகில் காற்று இல்லை. வற்றுக்கடலில் பாறையில் பொறுக்கியது சிலது இருக்கலாம். ஆழத்தில் இருந்ததை யாரோ குளித்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கூலியாள், ஒரு மீன்காரன், ஒரு சங்குக்காரன். பாதிரியாரின் பெயர் நத்தைக்கு இருக்கிறது. குளித்தவனின் பெயரை நான் எங்கும் காணவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள் தரம் 8க்குச் சொல்லி, படங்களைக் காட்டினேன். பின்வாங்கில் இருக்கிற ஒரு மகன், வாப்பா அட்டைக்குப் போகிறவர், எழும்பிக் கேட்டான்: "டீச்சர், இதால என்ன பிரயோசனம்?"

அதற்குக் கையில் ஒரு பதில் இருந்தது. ஜொருன்னா பியூனெப்ரிஸிலிருந்து ஜொருமைசின் என்று ஒரு சேர்வையை எடுத்து, புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் வகுப்பு அமைதியாகியிருக்கும். ஆனால் அதைச் சொன்னவுடன் இதுவும் விலைப்பட்டியலில் ஏறிவிடும் என்று தோன்றியது. அவனிடமே திருப்பிக் கேட்டேன்: வீட்டில் அட்டைக்கு என்னென்ன பெயர் சொல்லுவார்கள்? கண் மினுங்க அடுக்கினான்: வெள்ளை அட்டை, நூல் அட்டை, அன்னாசி அட்டை, இன்னும் ஐந்தாறு. இதற்கு? "இதுக்குப் பேரில்லயே டீச்சர்." ஏன்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்க ஆளில்ல" என்றான்.

சரி, நீங்கள் வையுங்கள் என்றேன். அரை மணித்தியாலம் வகுப்பு மீன் சந்தை. பிலிடியா வரிகோஸா ‘புதுக் காபெட் ரோட்டு’ ஆனது, கறுப்பு, நடுவில் மஞ்சள். ஜொருன்னாவுக்குப் போட்டி பலமாக இருந்தது. கடைசியில் வென்ற பெயர் ‘கண்டுகுட்டி’. வெள்ளை உடம்பு, கறுப்புத் திட்டு, முன்னால் இரண்டு கொம்பு, பின்னால் குஞ்சம். மரணச் சடங்கைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

அப்போதுதான் முன்வாங்குப் பிள்ளை ஒன்று கேட்டது: "இது நம்மட கடல்ல இரிக்கா டீச்சர்?" இருக்கிறது, 1859இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். "நீங்க கண்டீங்களா?" இல்லை. இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். நான் அவர்களுக்குக் காட்டிய படம் வேறு யாரோ வேறு நாட்டில் எடுத்தது.

நாங்கள் ஏறுகிற கரையில் ஒரு சாச்சா இருப்பார். வலை கட்டிக்கொண்டு, ஒரு காலை நீட்டியபடி. முந்தி அட்டைக்கும் சங்குக்கும் போனவர். எல்லோரும் முதுகில் இருப்பதை ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்கிறோம். அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற அதே காற்று, 78 வீதம் நைதரசன். ஆழம் போகப் போக அழுத்தம் கூடும், நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரையும். மெதுவாக ஏறினால் வந்த வழியே போய்விடும். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து சிலிண்டர் என்று 15 பாகத்தில் வேலை செய்து, கூலியைக் கணக்குப் பார்த்து விறுவிறு என்று ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி போடும். சாச்சாவுக்கு அது ஒரு நாள் அஸருக்குப் பிறகு நடந்தது. அழுத்தக் கூண்டில் வைத்து எடுத்ததில் உயிர் தப்பினார். இடது கால் முழுதாகத் திரும்பி வரவில்லை. இந்தக் கடலோரத்தில் அவர் மாதிரி இழுத்து நடக்கிற ஆட்களை எண்ண வேண்டுமென்றால் அதிக நேரம் நடக்கத் தேவையில்லை. பழக்கித் தர ஒருவரும் இல்லாமல், பழைய சாமானோடு, கடனுக்காக இறங்குகிறவர்கள். இதைப் பற்றித் தனியாக எழுத இருக்கிறது.

என்னைக் காணும்போதெல்லாம் சாச்சா சிரிப்பார். "என்னா மகள், காசு குடுத்துத் தண்ணிக்குள்ள போய் ஒண்டுக்கும் உதவாத சாமானையே படம் புடிச்சிட்டு வாறீங்க." நான் போனை நீட்டுவேன், அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஆவணிப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், இன்றைக்கும் கண்டுகுட்டி இல்லை என்று தம்பியோடு பேசிக்கொண்டு ஏறினேன். அது என்ன கண்டுகுட்டி என்று கேட்டார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இதா? இது அந்த நீலப் பஞ்சுக் கல்லுல கிடக்குமே."

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீலக் கடற்பஞ்சு. அதன் முக்கியமான தீனி அதுதான். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் ஆழம் சொன்னார்: மூணு பாகம். இடத்தைச் சொல்லக் கையை மடித்து மடித்துக் காட்டினார். மல்லாந்து நீந்திக்கொண்டே வெளியே போகவேண்டும், கண் கரையில். பள்ளி மினாரா டவரை மறைக்கிற நேரம் நேர்கோட்டில் இருக்கிறோம். அதே கோட்டில் இன்னும் போனால் வலப்பக்கப் பாறை மூக்கு பின்னாலுள்ள பனையை விழுங்கும். விழுங்கின இடத்தில் நேராக இறங்கு. அவர் கடைசியாக அந்தக் கல்லைக் கண்டு பதினேழு வருஷமாம். அட்டை தேடிப் போன ஆள். அந்தக் கல்லில் அட்டை இல்லை. பின்னே எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். "கண் இரிந்திச்சே மகள்" என்றார்.

அடுத்த நாள் போனோம். மினாரா மறைத்தது. பனை விழுங்கப்பட்டது. இறங்கினால் மணல். தம்பி கையை விரித்தான். வட்டமாகச் சுற்றினோம், முதல் வட்டத்தில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒரு கல், நம் வீட்டுக் கட்டில் அளவு. அதன் நிழல் பக்கம் முழுக்க நீலம். சலவை நீலம். நான் கல்லிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று முதல் ஐந்து நிமிடத்தைக் கொடுத்தேன். பஞ்சின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நாடாச் சுற்று. முட்டை. அதற்கு ஒரு சாண் கீழே, நான் முதலில் சிப்பித் துண்டு என்று நினைத்துத் தாண்டின இடத்தில், ஆள். இரண்டு அங்குலம் இருக்கும். கொம்பு இரண்டும் வெளியே, குஞ்சம் விரிந்து, தலையைப் பஞ்சுக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தது.

வெள்ளைப் பிராணியை எடுப்பது கமராவுக்குக் கஷ்டம். சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நத்தை வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். வெளிச்ச அளவைக் குறைத்து, டோச்சைத் தள்ளிப் பிடித்து எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது வழுவழுப்பு இல்லை. உடம்பு முழுக்க மெல்லிய பூனை மயிர் மாதிரி நுண்ணிய முளைகள். கறுப்பு என்று நாம் நினைப்பது, அந்த முளைகள் கறுத்து வட்டம் வட்டமாகக் கூடின இடம். எந்தப் புத்தகப் படத்திலும் நான் இதைக் கவனிக்கவில்லை. காற்று 60 பாருக்கு வந்ததும் தம்பி பெருவிரலைத் தூக்கினான். மொத்தம் 19 படம். மூன்று தேறியது. அந்த மூன்றும் கீழே இருக்கின்றன.

ஏறி வந்ததும் சாச்சாவிடம் போனைக் கொடுத்தேன். பெரிதாக்கினார், சின்னதாக்கினார், திரும்பப் பெரிதாக்கினார். கல்லைத்தான் முதலில் பார்த்தார், நத்தையை அல்ல. "கல்லு அப்படியே இரிக்கு" என்றார். பிறகு படத்தைக் கட்டாரில் இருக்கிற மகளுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

இப்போது அந்தப் படம் தரம் 8 வகுப்புச் சுவரில் இருக்கிறது. கீழே பிள்ளைகளின் எழுத்து: கண்டுகுட்டி. அதற்குக் கீழே கெலார்ட் வைத்த பெயர், 1859. அதற்குக் கீழே ‘இடம் காட்டியவர்’ என்று போட்டு சாச்சாவின் பெயர். அதை அவர்கள் என்னிடம் கேட்காமலே போட்டார்கள். இங்கே அவர் பெயரை நான் எழுதவில்லை, அவருக்கு விருப்பமில்லை.

இன்னும் மூன்று நாலு கிழமைதான். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் தண்ணீர் கலங்கிவிடும், அடுத்த வைகாசி வரை கமரா அலுமாரியில். அதற்குள் அந்தப் பின்வாங்கு மகன் அடுத்த கேள்வியைக் கொண்டு வந்துவிட்டான்: "டீச்சர், அது ராவையில என்ன செய்யும்?" இரவில் நான் இதுவரை இறங்கியதில்லை. வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு போய்ப் பார்ப்போம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். உம்மா பேஸ்புக்கில் இல்லை. தயவுசெய்து யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.